ஆறே முக்காலும் ஒன்றே முக்காலும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் 1984 முதல் 2016 வரை விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்தி பிறந்திருப்பதால் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறேன். மருமகன் அனுப்பிய டிக்கெட்டில், திருச்சியில் இரவு 12.30-க்குக் கிளம்பி சிங்கப்பூருக்குக் காலை 7.15-க்குப் போகும் என்று இருக்கிறது. திரும்பி வரும்போது அங்கே இரவு 8.30-க்குக் கிளம்பி திருச்சிக்கு 10.15-க்கே வந்துவிடுகிறது. போவதற்கு ஆறே முக்கால் மணி நேரம், வருவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரமா? வரும்போது என்ன, இறக்கமா?
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை ஆச்சி. போக நாலே கால் மணி நேரம், வரவும் அதே நாலே கால்தான். டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் மணி எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணி. கிளம்புவதைத் திருச்சிக் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவார்கள், இறங்குவதைச் சிங்கப்பூர்க் கடிகாரத்தைப் பார்த்து. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் காலை 7.15-க்கு இறங்கும்போது உங்கள் வீட்டுப் பட்டாலையில் மாட்டியிருக்கும் கடிகாரத்தில் விடியற்காலை 4.45தான்.

என் கடைக்கு வந்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்லிக் கொடுப்பேன். போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் டிக்கெட்டில் உள்ளபடியே கூட்டுங்கள். ஆறே முக்காலும் ஒன்றே முக்காலும் எட்டரை. அதில் பாதி நாலே கால். அதுதான் விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம். அப்புறம் பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள். ஐந்து வரும், அதில் பாதி இரண்டரை. அதுதான் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம். எந்த ஊர்த் தேசப்படமும் வேண்டாம், போகவர டிக்கெட் ஒன்று கையில் இருந்தால் போதும். வட்டிக்கடைக் கணக்குப் பார்த்த குடும்பங்களில் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தபடியே படி இறங்குவார்கள்.

ஆனால் இந்த இரண்டரை மணி நேரம் சூரியன் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சூரியனை மட்டும் கேட்டால், காரைக்குடிக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 40 நிமிடம்தான். தீர்க்கக் கோட்டில் நமக்கும் அவர்களுக்கும் 25 பாகை தள்ளி. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்பது கணக்கு. மீதி 50 நிமிடம் அரசாங்கங்கள் போட்டது. நாம் மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டின் நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் நம் ஊரில் கடிகாரம் சூரியனைவிடக் கால் மணி நேரம் முந்திக்கொண்டு ஓடுகிறது. சிங்கப்பூர்க்காரர்களோ ஒரு மணி நேரத்துக்கும் மேலே முந்திக்கொண்டிருக்கிறார்கள். மலேசியா தன் இரண்டு பாதிகளுக்கும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று மேற்குப் பாதியின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. பக்கத்திலிருந்த சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்னால் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான்.

என் அப்பா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். 'நம்ம ஊர்ல ஆறுன்னா அங்க எட்டு' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டரை ஆகிவிட்டது என்று நான் எவ்வளவு சொன்னாலும், அது உங்க ஏரோப்ளேன்காரன் பண்ணுன வேலை என்பார்.

இதனால் உங்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் ஆச்சி. அங்கே வருஷம் முழுவதும் காலை ஏழு மணி வாக்கில்தான் விடியும், மாலை ஏழு வாக்கில்தான் பொழுது சாயும். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பழகியவர்கள் முதல் வாரம் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். மகளைப் பயமுறுத்தாமல் படுத்திருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். இரவு 12.30 என்று எழுதியிருக்கிறீர்கள், தேதி எழுதவில்லை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடுகிறது, நம் வாய்வழக்கில் மட்டும் அது 'பதினாலாம் தேதி ராத்திரி'யாகவே இருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தொழிலில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் இதில்தான். தொண்ணூறுகளில் ஒரு குடும்பம். ரொம்ப வேண்டியவர்கள். பையன் முதன்முதலாக வேலைக்குப் போகிறான். வியாழக்கிழமை 00.20 என்று டிக்கெட். நான் சிவப்புக் கார்பன் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, 'வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டு இருபது' என்று வாயால் சொல்லிவிட்டேன். அவர்கள் வியாழக்கிழமை இரவு இரண்டு கார் நிறைய ஆள், மாலை, சீப்புச்சீடை டின் சகிதமாக விமான நிலையத்துக்குப் போய் நின்றார்கள். விமானம் போய் ஏறக்குறைய இருபத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. மறு டிக்கெட்டுக்கு ஆன கூடுதல் பணத்தை நான்தான் கட்டினேன். அதைவிட, அந்தப் பையனின் அப்பத்தா அதற்கப்புறம் ஒரு வருஷம் என் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் உறைத்தது. அன்றிலிருந்து டிக்கெட் உறையின் மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன்: 'புதன்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்.'

நீங்களும் மருமகனைக் கேட்டு அப்படி ஒரு வரி எழுதி முகப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானிலிருந்து எட்டு மணிக்குக் கார் ஏறினால் போதும். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது, திருச்சி ஊருக்குள் நுழையவே வேண்டாம். திருமயம், புதுக்கோட்டை தாண்டி ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போங்கள், கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அங்கே இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து, மகள் வீட்டுப் படி ஏற இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆகமொத்தம் வாசலிலிருந்து வாசலுக்குப் பத்தரை மணி நேரம். அதில் பறப்பது நாலுதான்.

கேள்வி: திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு? ஓரிடத்தில் 2,980 என்று இருக்கிறது, ஓரிடத்தில் 1,850, இன்னோரிடத்தில் 1,610. அண்ணன் பறந்த விமானத்தைச் செல்போனில் தொடர்ந்து பார்த்தால் 3,100-க்கு மேல் காட்டியது. எதை நம்புவது?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: முதல் மூன்றும் ஒன்றேதான் தம்பி. 2,980 கிலோமீட்டர், 1,850 மைல், 1,610 கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பூமி உருண்டையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலையின் நீளம் அது. அதனால் ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கப்பல்காரர்கள் கண்டுபிடித்த வசதியான அளவு, அதை ஆகாயத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலாவது எண் வேறு ஜாதி. 2,980 என்பது பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம். விமானம் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிராகத்தான் ஓடுபாதையில் கிளம்பும், அப்புறம்தான் திரும்பும். வானத்திலும் குறிக்கப்பட்ட பாதைகள் உண்டு, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று. மழை மேகம் குறுக்கே வந்தால் சுற்றிப் போகும். சிங்கப்பூருக்கு மேலே கூட்டமாக இருந்தால் கடல் மேல் இரண்டு வட்டம் போடச் சொல்வார்கள். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் கூடுவது சாதாரணம்.

நூல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் கடையில் ஒரு பெரிய பூமி உருண்டையும் ஒரு கண்டு நூலும் எப்போதும் இருக்கும். விளையாட்டுக்கு வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். டோக்கியோ போகிற ஒரு பொறியாளர், விமானத்தில் காட்டுகிற படத்தில் கோடு வில் மாதிரி வளைந்திருக்கிறதே, சுற்றிக்கொண்டா போகிறான் என்று சண்டைக்கு வந்தார். நூலை அவர் கையிலேயே கொடுத்து, சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு உருண்டையின் மேல் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். நூல் தானாக வடக்கே ஏறி, பர்மாவையும் தென்சீனாவையும் தொட்டுக்கொண்டு போனது. உருண்டையில் நேர்கோடு, தட்டைப் படத்தில் வில். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வளைவு அதிகம் தெரியாது.

கேள்வி: மேற்கேயிருந்து கிழக்கே பறந்தால் காற்று தள்ளிவிடும், சீக்கிரம் போகலாம் என்று படித்தேன். ஆடி மாதம் சிங்கப்பூர் போனேன், போகும்போதுதான் தாமதம், வரும்போது அரை மணி நேரம் முன்னாலேயே வந்து சேர்ந்தோம். படித்தது தப்பா?
– அரிசி மில் வைத்திருப்பவர், புதுவயல்

பதில்: படித்தது தப்பில்லை அண்ணே, அது வேறு வட்டாரத்துப் பாடம். டில்லியிலிருந்து டோக்கியோ போகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும். அந்த உயரத்தில், அந்த அட்சரேகையில், குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடுவதும் உண்டு. அதில் மிதந்து போனால் ஏழரை மணி நேரம், அதை எதிர்த்து வந்தால் ஒன்பதரைகூட ஆகும். அந்தக் காற்றை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று பெரிய மனது பண்ணி, எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். விளைவு, யாரும் படிக்கவில்லை.

நம் பக்கத்துக் கதை நேர் தலைகீழ். ஆடியில் கீழே அடிப்பது மேற்கேயிருந்து வரும் மேல்காற்று, அம்மியைப் பறக்கவைக்கும் என்கிறோமே, அது. அதே ஆடியில் அதே காரைக்குடிக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறிப் பார்த்தால் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசிக்கொண்டிருக்கும். கீழே மேற்குக் காற்றான கோடை, மேலே கிழக்குக் காற்றான கொண்டல். வெயில் காலத்தில் திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய நிலமும் சூடேறி, மேலே உள்ள காற்றின் ஓட்டத்தையே திருப்பிவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும் ஓடும் இந்தக் கீழைக் காற்றாற்றை 1950-களில் கண்டு சொன்னவர் நம் இந்திய வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம். இதை எஸ்பெராண்டோவில் எழுதாததால் உலகம் உடனே ஏற்றுக்கொண்டது.

கணக்காகவே பாருங்கள். விமானம் காற்றில் மணிக்கு 850 கிலோமீட்டர் போகிறது, எதிர்க்காற்று 50 என்று வையுங்கள். 2,980 கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் 3 மணி 43 நிமிடம். வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளுகிறது, 900-ஆல் வகுத்தால் 3 மணி 19 நிமிடம். ஏறக்குறைய 25 நிமிடம் அங்கேயே வந்துவிட்டது. மீதி, விமான நிறுவனங்கள் அட்டவணையில் போட்டுவைக்கும் தாராளம். கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும்வரை உள்ள நேரத்தைத்தான் அவர்கள் எழுதுவார்கள். தரையில் உருளும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும், கொஞ்சம் கூடுதலாகவும் போட்டுக்கொள்வார்கள். சீக்கிரம் வந்தால் பாராட்டு, சரியாக வந்தால் பெருமை. சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புகிறவர், எட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏழே முக்காலுக்குப் போய் நிற்பது மாதிரிதான்.

மேலே சொன்ன ஆச்சியின் பாதிக் கணக்கும் இதனால் ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. பாவம், முதல் பயணம்.

கேள்வி: திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூர் போகாமல், மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போனால் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று மகன் சொல்கிறான். கொழும்பில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். தெற்கே போய்க் கிழக்கே போவது சுற்றுவழி இல்லையா? செட்டியாருக்கு முழங்கால் வலி வேறு.
– இல்லத்தரசி, பள்ளத்தூர்

பதில்: சுற்றுவழி என்று நினைப்பீர்கள், தூரத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. மதுரையிலிருந்து சிங்கப்பூர் நூல் பிடித்த தூரம் சுமார் 3,010 கிலோமீட்டர். கொழும்பு வழியாக 355-உம் 2,750-உம் சேர்த்து 3,105. நூறு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் யாருக்கும் சுற்றாகத் தோன்றாத சென்னை வழியாகப் போனால் 3,340 ஆகிவிடுகிறது. கொழும்பு கிட்டத்தட்ட போகிற வழியிலேயே இருக்கிறது, சென்னைதான் வடக்கே இழுக்கிறது.

எங்கள் காலத்தில் டிக்கெட் விலையே மைல் கணக்கில்தான் நிற்கும். இரண்டு ஊருக்கு இடையே இத்தனை மைல்வரை சுற்றிப் போகலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. நேர் தூரத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். அதற்குள் எந்த ஊர் வழியாகப் போனாலும் ஒரே கட்டணம். தாண்டினால் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று இருபத்தைந்துவரை ஏற்றிக்கொண்டே போவார்கள். தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் மைலைக் கூட்டுவோம். ஒரு மைல் மிஞ்சினாலும் அடுத்த படி. கெட்டிக்காரன் என்று பேர் வாங்குவது, அந்த வரம்புக்குள்ளேயே வாடிக்கையாளருக்கு இரண்டு ஊர் கூடுதலாகக் காட்டிக் கொடுப்பதில்தான் இருந்தது. 2008-இல் காகித டிக்கெட் நின்றது. இப்போது விலையைக் கம்ப்யூட்டர் போடுகிறது. இருக்கை எவ்வளவு காலி, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது. மைலுக்கும் விலைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோய் ரொம்ப நாளாகிறது. அதனால்தான் தூரம் கூடினாலும் விலை குறைகிறது.

சரி, நீங்கள் போகலாமா? தூரத்தால் அல்ல, காத்திருப்பதால் வேண்டாம் என்பேன். பறக்கும் நேரம் ஒன்றும் நாலுமாக ஐந்து மணி நேரம். நடுவில் ஐந்து. மதுரைக்குக் காரில் இரண்டு, முன்னால் மூன்று, அங்கே இறங்கி ஒன்றே முக்கால். பதினேழு மணி நேரத்தைத் தொடுகிறது. முழங்கால் வலியோடு இரண்டு தடவை படி ஏறி, இரண்டு தடவை பரிசோதனை வரிசையில் நின்று மிச்சம் பிடிக்கிற எட்டாயிரம், தைலத்துக்கே போய்விடும். உங்கள் மகன் மட்டும் போவதென்றால் தாராளமாகப் போகட்டும், இளவட்டம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி தானாகச் சிங்கப்பூர் போய்விடும். தனித்தனியாக வாங்கினால் கொழும்பில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரும், அதற்கு இலங்கைக்குள் நுழைகிற அனுமதி வேண்டும். கடிகாரத்தை மாற்றும் வேலை கொழும்பில் கிடையாது. 1996-இல் அவர்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதே வருஷம் அரை மணி நேரம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அந்தப் பத்து வருஷம் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

கேள்வி: என் பயணம் வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு. சரியாக ராகு காலத்தில் விமானம் கிளம்புகிறது. பெரியவர்கள் டிக்கெட்டை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், கோட்டையூர்

பதில்: மாற்றினால் அபராதம் கட்ட வேண்டும். பரஸ்தானம் வைத்துவிடுங்கள். முதல் நாள் நல்ல நேரத்தில் உங்கள் பையை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டிலோ பங்காளி வீட்டிலோ வைத்துவிட்டால் பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கப்பல் காலத்திலிருந்து இந்த ஊர் செய்துவருவதுதான். கப்பல் நாள் பார்த்து நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். பாஸ்போர்ட்டை மட்டும் அந்தப் பையில் வைத்துக்கொடுத்து அங்கேயே மறந்துவிடாதீர்கள், ஒருவர் அப்படிச் செய்தார்.

இன்னொன்று, ராகு காலம் சூரிய உதயத்தை வைத்து எண்ணுவது. ஆறு மணி உதயம் என்றால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சிங்கப்பூரில் ஏழு மணிக்கு விடிவதால் அங்கே பதினொன்றரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு நம் ஊர் நாட்காட்டியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் அய்யா ரங்கூனில் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவர். 'நாலாம் நாள் ரங்கூன் சேர்ந்தோம்' என்று அவர் எழுதிய கடிதம் வீட்டில் இருக்கிறது. கடை இருந்த இடத்தைப் போய்ப் பார்க்க ஆசை. விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாட்டரசன்கோட்டை

பதில்: ஐயா, சென்னையிலிருந்து டில்லி எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் ரங்கூன், இப்போதைய பெயரில் யாங்கோன். டில்லி சுமார் 1,760 கிலோமீட்டர், யாங்கோன் 1,770. நேரே பறந்தால் இரண்டரை மணி நேரம். கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

ஆனால் நேரே பறக்கும் விமானத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். கொல்கத்தா வழியாகப் போனால் 2,400 கிலோமீட்டர், பாங்காக் வழியாக 2,800-க்கு மேல். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் பாதி நாள், சில நாள் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நிலைமை சரியில்லை. வெளியுறவுத் துறை என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். நானாக இருந்தால் கொஞ்சம் பொறுப்பேன்.

அய்யாவின் கடிதத்தில் இருக்கும் நாலு நாள் சரியான கணக்கு. சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூன் கடல்வழியாக ஏறத்தாழ ஆயிரம் கடல் மைல். அன்றைய கப்பல் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் போனால் மூன்றரை நாள். அதற்கு முன்னால் ஊரிலிருந்து சென்னைக்கு ரயில். என் அப்பா போனது வேறு திசை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து, பினாங்குக்கே நாலைந்து நாள், அங்கிருந்து சிங்கப்பூர். கரை தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடுவார்களாம், கப்பல் சாய்ந்துவிடும் என்று மாலுமிகள் விரட்டுவார்களாம். எத்தனை நாள் என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எத்தனை வேளை ரசஞ்சோறு கிடைக்கவில்லை என்று சொல்வார்.

திரும்பி வந்ததைப் பற்றி உங்கள் அய்யா ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். போனது நாலு நாள், வந்தது மாதக்கணக்கு. ஒரே ஊர், ஒரே தூரம்.

என்றைக்காவது போவதாக இருந்தால் ஒரு குறிப்பு. பழைய கடிதங்களில் 'மொகல் ஸ்ட்ரீட்' என்று விலாசம் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், டாக்சிக்காரர் விழிப்பார். நம்மவர்களின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த அந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். கதவு எண்ணைக் கடிதத்திலிருந்து தனியாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அசல் கடிதம் வீட்டிலேயே இருக்கட்டும்.